கண்ணாடியிலே கலை கண்ட யூலியா கமறன் அம்மையார்

அட்டன் பட்டினத்திலிருந்து டிக்கோயா, நோர்வூட் ஆகிய ஊர்களைக் கடந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் மலைப்பாதையை நம் வாசகருட் பலர் அறிவர். தேயிலைச் சரிவுகளும், அவற்றினிடையே வரிசை வரிசையாய் நிற்கும் லயங்களும், காலையிலும் மாலையிலும் இறங்கிவரும் மூடுபனியும் அப்பாதையிற் செல்வார்க்குப் பழகிய காட்சிகள். பொகவந்தலாவையிலே தூய மரியாள் தேவாலயம் என்னும் சிறிய ஆலயமொன்று உண்டு. அதன் வளவிலே ஆங்கிலத் தம்பதியர் இருவர் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். கணவரின் பெயரை இலங்கைச் சரித்திரம் பயின்ற மாணவர் எவரும் அறிவர். கோல்புறூக் - கமறன் சீர்திருத்தம் என நாம் பரீட்சைக்கு நெட்டுருச் செய்தோமே, அந்தக் கமறன் துரையே அவர். மனைவியாரின் பெயரை நம்மவருள் அறிந்தோர் சிலரே. ஆயினும் உலகின் பெருங் கலைக்கூடங்களிலே இன்று போற்றப்படுவது அவ்வம்மையாரின் பெயரே. நிழற்படத்தை வெறும் கைத்தொழிலென எண்ணியிருந்த காலத்தில் அதனைக் கலையென நிலைநாட்டிய முன்னோடிகளுள் ஒருவர், யூலியா மாகிறற் கமறன் அம்மையார்.

விழா மலரிலே நம்மவர் பெருமையை எழுதுவதே மரபாயிருக்க, ஓர் ஆங்கில மாதின் சரிதையை எடுத்துக்கொண்டது ஏனென வினவுவார்க்கு இரண்டு காரணங் கூறுவோம். நாற்பத்தெட்டு வயது நிரம்பிய பின்னரே ஒரு தொழிலைக் கையிலெடுத்து, தவறித் தவறிக் கற்று, அத்தவறுகளிலிருந்தே புதுநெறியொன்றைக் கண்டவர் அவர் என்பது ஒன்று. நம் நாட்டு ஏழை மக்களின் முகங்கள் அவருடைய கண்ணாடித் தகடுகளிலே பதிந்து, பெயரின்றி இன்றும் நம்மை நோக்கி நிற்கின்றன என்பது மற்றொன்று.

பிறப்பும் இல்லறமும்

அம்மையார் 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் யேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனியில் உயர்பதவி வகித்தவர். தாயார் பிரெஞ்சு மரபினர். அதனாற் பிள்ளைப்பருவத்துக் கல்வியிற் பெரும்பகுதி பிரான்சிலேயே நிகழ்ந்தது. சகோதரிகள் யாவரும் அழகிற் பெயர்பெற்றிருந்தனர். யூலியாவோ அழகினும் அறிவுக்கும் ஊக்கத்துக்கும் பெயர்பெற்றவர்.

நோய்நீங்கி உடல் தேறும்பொருட்டு அவர் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே தங்கியிருந்த காலத்தில் இருவரின் நட்பு வாய்த்தது. ஒருவர், பிற்காலத்தில் அவருக்குக் கணவராகிய சாள்ஸ் ஹே கமறன். மற்றவர், வானியலறிஞர் சேர் யோன் ஹேர்ஷல். படத்தை அழியாது நிலைப்படுத்தும் உப்பாகிய ‘ஹைப்போ’வின் இயல்பை 1819ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தவர் ஹேர்ஷல். நிழற்படக்கலை உலகில் வெளிப்பட்டபோது அச்செய்தியை அம்மையார்க்கு முதலில் எட்டச் செய்தவரும் அவரே. விதை அன்றே விழுந்தது. முளைப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கமறன் துரை அம்மையாரினும் இருபது வயது மூத்தவர். திருமணம் 1838ஆம் ஆண்டு கல்கத்தாவிலே நிகழ்ந்தது. அவர் அதற்கு முன்னரே இலங்கைக்கு வந்து, நீதி பரிபாலனம்பற்றி ஆராய்ந்து, 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்தவர். இந்நாட்டின்மீது அவருக்கிருந்த பற்று அளவற்றது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களையும் வாங்கினார். 1848ஆம் ஆண்டு உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றுக் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்ற பின்னரும் அவர் மனம் இங்கேயே உலாவியது. 1860ஆம் ஆண்டு வைற் தீவிலே பிரெஷ்வோற்றர் என்னும் ஊரில், கவிஞர் தெனிசனின் இல்லத்துக்கு அண்மையில் அவர்கள் வாங்கிய வீட்டுக்கு வைத்த பெயர் ‘திம்போலா’. நம் மலைநாட்டுத் திம்புள்ளவே அவ்வாறு கடல்கடந்து சென்றது.

நாற்பத்தெட்டாம் வயதிற் கிடைத்த பரிசு

1863ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்வையிடச் சென்றிருந்தார். பிள்ளைகளும் வளர்ந்து தத்தம் வழிச் சென்றுவிட்டனர். தனிமையிலே தாயார் வாடுவாரென எண்ணி, மகளும் மருமகனும் ஒரு கமெராவை வாங்கிப் பரிசளித்தனர். பொழுதுபோக்குக்கென வந்த அப்பெட்டி அம்மையாரின் வாழ்வு முழுவதையும் தன்வயமாக்கிக்கொண்டது. அதற்கு முன்னரும் அவர் பிறர் எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டுப் பார்த்ததுண்டு. 1862ஆம் ஆண்டளவில் படத்தைச் சுற்றிப் பன்னத்தின் இலைகளைப் பரப்பி, அவற்றின் நிழலும் தாளிற் பதியுமாறு செய்தார். பொருளைத் தொட்டுச் சோதித்தறியும் ஆவல் அவரிடம் முன்பே குடிகொண்டிருந்தது.

வீட்டின் நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகள் வெளியேற்றப்பட்டன; கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு கலைக்கூடமாயிற்று. பாடஞ் சொல்லித்தர ஆசிரியரில்லை. முதல் முயற்சியிலேயே எடுத்த படத்தைத் தம் கையாலே துடைத்தழித்துவிட்டார். எனினும் 1864ஆம் ஆண்டு சனவரி முடிவதற்குள் ஆனி என்னும் சிறுமியின் படமொன்று செவ்வையாய் அமைந்தது. அதுவே தம் முதல் வெற்றியென அவர் பெருமகிழ்வெய்தினார்.

கண்ணாடியும் வெள்ளியும்

அக்காலத்துப் படப்பிடிப்பு இன்றுபோல் விரலசைவில் முடியும் வேலையன்று. பிரெடெறிக் ஸ்கொட் ஆச்சர் என்பார் 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அன்று வழங்கிற்று. அமிலத்திற் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்தாற் பாகுபோன்ற திரவமொன்று கிடைக்கும், அதுவே கொலோடியன். அயடைட்டு உப்புக் கலந்த அத்திரவத்தைத் துடைத்துத் தூய்தாக்கிய கண்ணாடித் தகட்டின்மீது வார்த்து, நான்கு மூலைக்கும் ஓடுமாறு சாய்த்தல் வேண்டும். அப்பச் சட்டியிலே மாவை வார்த்துச் சுழற்றும் நம் தாய்மாரின் கைப்பக்குவத்தை இதற்கு ஒப்பிடலாம். எங்கேனும் தடித்தாலும் மெலிந்தாலும் படத்திலே அது வடுவாய்த் தோன்றும்.

பின்னர் இருட்டறையிலே தகட்டை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தல் வேண்டும். ஈரம் உலருமுன் கமெராவிலே வைத்துப் படம்பிடித்தல் வேண்டும். ஈரம் உலருமுன்னரே மீண்டும் இருட்டறைக்குக் கொணர்ந்து மருந்தூற்றி உருவத்தைத் துலக்குதல் வேண்டும். இவையெல்லாம் சில நிமிடங்களுள் முடிதல் அவசியம். அதன்பின் பொற்றாசியம் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சினாலே படத்தை நிலைப்படுத்தி, கிணற்றிலிருந்து வாளி வாளியாய்க் கொணர்ந்த நீரிற் கழுவி, நெருப்பருகே சூடேற்றி வாணிஷ் பூசுவர். ஒளி இருளாயும் இருள் ஒளியாயும் தோன்றும் ‘நெகற்றிவ்’ இவ்வாறு கிடைக்கும். முட்டை வெண்கரு பூசிய தாளை அதன்கீழ் வைத்து வெயிலிற் காட்டி, பொன்னுப்புக் கரைசலில் நிறமூட்டியெடுத்த பின்னரே படம் கைக்கு வரும்.

தகடு எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவே பெரிது. அம்மையார் தொடக்கத்திற் கையாண்ட தகடு 11 அங்குலமும் 9 அங்குலமும் கொண்டது. 1866ஆம் ஆண்டளவில் அதனைவிடுத்து, 15 அங்குலமும் 12 அங்குலமும் கொண்ட பெருந் தகட்டுக்கு மாறினார். மனித முகத்தை ஏறக்குறைய உண்மையளவிலேயே பதிக்கவேண்டுமென்பது அவர் வேட்கை. எதிரேயிருப்பவர் மூன்று முதல் ஏழு நிமிடம்வரை அசையாதிருத்தல் வேண்டும். வெள்ளி நைத்திரேற்றினால் அம்மையாரின் கைகளும் உடைகளும் எந்நாளும் கறுத்தே கிடந்தன. தெருவிற் செல்வோரை வலிந்தழைத்து இருத்திவைத்துப் படம்பிடிக்கும் அவரைக் கண்டு ஊரார் அஞ்சியொதுங்கியதும் உண்டு.

குறையா, குணமா?

அம்மையாரின் படங்களிலே உருவங்கள் கூர்மையாய் இரா. விழிகள் தெளிந்திருப்பின் காது மங்கியிருக்கும். கூந்தல் புகைபோற் கலந்திருக்கும். அவர் கையாண்ட வில்லையின் இயல்பு அதற்கொரு காரணம். அகன்ற வாயும் நெடுங் குவியத்தூரமும் கொண்ட வில்லையை முகத்துக்கு மிக அண்மையில் வைத்தால், ஒரே தளத்திலுள்ள பகுதி மாத்திரமே தெளிவாய் விழும். ஆயின் வில்லையின்மேற் பழிபோட்டு அவர் தப்பிக்கொள்ளவில்லை. பிறர் கூர்மை வரும்வரை திருகாணியைத் திருகிக்கொண்டிருக்க, தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலேயே தாம் நிறுத்திவிடுவதாக அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். முதலில் தற்செயலாய் நேர்ந்தது, பின்னர் தெரிந்தே மேற்கொண்ட நெறியாயிற்று.

தகட்டிலே விரலடையாளம், கொலோடியன் ஓடிய சுழிகள், தூசியின் புள்ளிகள், சில வேளைகளில் வெடிப்பு என்பன காணப்படும். வேறெவரும் உடைத்தெறியும் தகட்டிலிருந்தும் அவர் படமெடுத்து வெளியிட்டார். வேண்டியபோது தகட்டை ஊசியாற் கீறி ஒளிவட்டமும் தீட்டினார். இரண்டு நெகற்றிவ்களை இணைத்து ஒருபடமாக்கியும் பார்த்தார். கூடத்தின் திரைகளை இழுத்துமூடி ஒருபுறத்திலிருந்து மாத்திரம் ஒளியை வரவிட்டு, இருளினின்றும் முகம் எழுந்துவருவது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்.

இலண்டன் நிழற்படச் சங்கத்தாரிற் பலர் இவற்றைக் கண்டு நகைத்தனர். தொழிலறியாப் பெண்ணின் கவனக்குறைவென்று பத்திரிகைகள் எழுதின. மறுபுறத்திலே வாற்ஸ் முதலாய ஓவியர்கள் அவரை ஊக்குவித்தனர். 1865ஆம் ஆண்டு தென் கென்சிங்ரன் அரும்பொருட்சாலை அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது; 1868ஆம் ஆண்டு தன் கட்டடத்திலேயே இரண்டு அறைகளை அவருக்குக் கலைக்கூடமாய் அளித்தது. பேர்லின் நகரத்துக் கண்காட்சியில் 1866ஆம் ஆண்டு பொற்பதக்கமும் கிடைத்தது.

அவருடைய படங்களிற் குறையென்பதே இல்லையென நாம் வாதிக்க வரவில்லை. புராணக் காட்சிகளாய் அவர் அமைத்த சில படங்களிலே நாடகமேடைச் செயற்கை மிகுந்திருப்பதை இன்றும் காணலாம். வாணிஷ் கெட்டுத் தகடுகள் வெடித்தபோது அவரும் மனம் நொந்து, சங்கத்தாரிடமே பரிகாரங் கேட்டார். எந்தக் குறை உயிரூட்டுகிறது, எந்தக் குறை உயிரைப் போக்குகிறது என்பதைப் பிரித்தறிந்தமையே அவரது திறன்.

பெரியோரும் பணிப்பெண்களும்

தெனிசன், காளைல், டார்வின் ஆகியோர் அவர் கமெராவின்முன் அமர்ந்தனர். 1867ஆம் ஆண்டு எடுத்த ஹேர்ஷலின் படம் யாவற்றுள்ளுஞ் சிறந்ததெனப் பலர் கொள்வர். முதியவரின் நரைமயிரைக் கழுவி ஒளிவட்டம்போல் விரியவிட்டு அதனை எடுத்தாரென்பர். இளமையில் தமக்கு இக்கலையை அறிமுகஞ் செய்தவருக்கு அவர் செலுத்திய குருதட்சிணையென அப்படத்தை நாம் கருதலாம்.

அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியர் தேவமாதாவாய் அமர்ந்தாள். வறிய நிலையில் அம்மையாரிடம் வந்துசேர்ந்து அவ்வீட்டிலேயே வளர்ந்த மேரி றயன் என்பாளின் படத்தைக் கண்காட்சியிற் கண்ட இளைஞரொருவர், 1867ஆம் ஆண்டு அவளையே மணந்துகொண்டார். அவ்விளைஞர், 1904ஆம் ஆண்டு இந்தியத் தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேர் ஹென்றி கொற்றன் என்பது நம்மவர் அறிந்து இன்புறத்தக்கது. அம்மையாரின் சகோதரிமகள் யூலியா யக்சனும் அடிக்கடி படமாயினார். எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்பின் தாயார் அவர்.

இலங்கை வாழ்வு

1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பியைப் பற்றிய இலைநோய் தோட்டங்களை ஆண்டுதோறும் அரித்தது. கமறன் குடும்பத்தின் செல்வமும் அதனோடு தேய்ந்தது. புதல்வர் சிலர் இங்கேயே உத்தியோகத்திலும் தோட்டத்திலும் இருந்தனர். முதிய கணவரோ இலங்கையிலே கண்மூட விரும்பினார். 1875ஆம் ஆண்டு இருவரும் கப்பலேறினர். அயலூரிற் சவப்பெட்டி கிடைக்குமோ கிடையாதோவென்று இரண்டு பெட்டிகளையுங் கூடவே கொண்டுசென்றனரென்றும், வழியில் வீணாகாதபடி அவற்றினுள்ளே பீங்கான்களை அடுக்கினரென்றும் ஒரு கதை வழங்குகிறது. புறப்படுமுன் தம் சிறந்த படங்கள் மங்கிப்போகாவண்ணம் கரிமையிலே பதிப்பிக்க ஏற்பாடு செய்த அம்மையாரின் முன்யோசனையும் குறிப்பிடத்தக்கது.

களுத்துறையிற் கடலோரத்திலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் அவர்கள் மாறிமாறி வாழ்ந்தனர். புகையிரதம் அன்று நாவலப்பிட்டிவரையே வந்திருந்தது. அட்டனை அடைந்தது 1884ஆம் ஆண்டிலேதான். டிக்கோயாச் சரிவுகளிலே கோப்பி அழிந்து தேயிலை தலையெடுக்கத் தொடங்கிய காலமது. திருச்சி, மதுரை, சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறிய மக்களே அச்சரிவுகளைத் திருத்தியவர்கள். வழியில் மாண்டோர் பலர்.

அம்மையார் இங்கும் கமெராவை விடவில்லை. ஆனால் வெப்பத்திலே ஈதர் விரைந்து ஆவியாகும். தகடும் விரைவில் உலரும். மருந்துகள் கப்பலில் வரவேண்டும். இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்று அறியப்பட்டிருக்க, இலங்கையில் எடுத்தனவாய் எஞ்சியுள்ளவை முப்பதுக்குங் குறைவே. தாவரங்களை ஓவியமாய்த் தீட்டிய மரியான் நோத் அம்மையார் 1877ஆம் ஆண்டு களுத்துறை வந்தபோது அவரையும் படம்பிடித்தார். ஏனையவற்றுட் பல, உள்ளூர் மக்களின் படங்கள்.

பெயரில்லா முகங்கள்

அப்படங்களைக் கண்ணுறும்போது நம் உள்ளத்தில் இருவகை உணர்ச்சிகள் எழுகின்றன. தெனிசனின் முகத்துக்கு அளித்த அதே ஒளியையும் அதே அண்மையையும் அம்மையார் இவ்வேழை மக்களுக்கும் அளித்தார். அக்காலத்து வணிகப் படப்பிடிப்பாளர் சுதேசிகளை விசித்திரப் பொருள்போல் நிறுத்திவைத்துக் காட்சியாக்கினர். அம்மையாரின் படங்களிலோ முகத்தில் ஓர் அமைதியும் வீறும் நிலவுகின்றன. இது போற்றத்தக்கது.

ஆயினும் ஹேர்ஷல் என்றும் டார்வின் என்றும் கீழே பெயரெழுதிய கை, இம்மக்களின் பெயரை எழுதவில்லை. 1878ஆம் ஆண்டுப் படமொன்றுக்குக் களுத்துறைக் குடியானவர் குழு என்பதே தலைப்பு. மற்றவற்றுட் பல, பெண் என்றும் சிறுமி என்றும் மாத்திரமே இன்று குறிக்கப்படுகின்றன. ஒருவனுடைய முதுகின் அழகைக் கண்டு வியந்த அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாய் அமர்த்துமாறு மகனை வற்புறுத்தினாரென நோத் அம்மையார் குறித்துவைத்தார். அழகைக் கண்ட கண்ணுக்கு அவ்வழகுடையான் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. அவர் துரைசானி, படத்திலிருந்தோர் பணிந்து வாழ்ந்தோர். இருமென்று சொன்னால் இருப்பதன்றி அவர்களுக்கு வேறு வழி ஏது? கலையின் பெருமையைச் சொல்லுமிடத்து இதனையும் மறையாது சொல்லுதல் நம் கடன்.

அம்மையார் 1879ஆம் ஆண்டு சனவரி மாதம் 26ஆந் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே கிளென்கேர்ண் தோட்டத்திற் காலமானார். மாலை வானத்தை நோக்கி அதன் அழகை ஒரு சொல்லால் வியந்தவாறே உயிர்துறந்தாரெனக் குடும்பத்தார் கூறிவந்தனர். அடுத்த ஆண்டிலே கணவரும் மறைந்தார்.

முடிவுரை

நம் கல்லூரி மாணவர் இச்சரிதையிலிருந்து கொள்ளத்தக்கன உள. கருவியை வாங்கியவுடன் கலை வந்துவிடாது. கண்ணாடியையும் வெள்ளியையும் நீரையும் நெருப்பையும் கைகறுக்கத் தொட்டு, அவற்றின் குணத்தையறிந்து, பிழைத்த இடத்தைத் திரும்பத் திரும்ப நோக்குவார்க்கே அது வசமாகும். இரசாயனகூடத்திலே சோதனைக்குழாய் வெடித்ததென்று சோர்பவரும், வயது கடந்ததென்று புதுமுயற்சியைத் தள்ளிவைக்கும் பழைய மாணவரும் கோழிக்கூட்டிலே தொழில் தொடங்கிய இம்மூதாட்டியை நினைவிற்கொள்வாராக.

இன்னுமொன்று சொல்லி அமைவோம். இத்தகைய விழா மலர்களிலே குழுப்படங்கள் அச்சாகும். இருப்போர் யார், நிற்போர் யார் என இடமிருந்து வலமாகப் பெயர்களுங் குறிக்கப்படும். அப்படங்களின் ஓரத்திலே சிலவேளைகளில் ஒரு சமையற்காரரோ காவலாளரோ நிற்பார். அவர் பெயரை எழுத மறந்துவிடுவோம். நம் இல்லங்களிலுள்ள பழைய படங்களிலும் பாட்டனாரோடு நிற்கும் தோட்டத் தொழிலாளியின் பெயர் முதியவர் ஒருவரின் நினைவிலே மாத்திரம் தங்கியிருக்கும். அவர் கண்மூடுமுன் கேட்டறிந்து, படத்தின் பின்புறத்திலே எழுதிவைப்போமாக. பொகவந்தலாவையிலே துயிலும் அம்மையார் செய்யாதுவிட்ட பணி அது. அதனைச் செய்துமுடிப்பது நமக்கு எளிது.